மூணு பிள்ளைங்க... மூணு வேகம்... ஒரே டூர்!

“இனிமே லீவுக்கு என்னைக் கூப்பிடாதீங்கம்மா. நீங்கல்லாம் டூர் வர்றீங்க. நான் மட்டும் ஆயா வேலைக்கு வர்றேன்!”

போன வருஷம் மே மாதம், மலைக்கோட்டையைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும்போது, காரின் பின்சீட்டிலிருந்து என் பெரிய மகள் சொன்ன வார்த்தை இது. அவளுக்கு 14 வயது. அடுத்தவனுக்கு 9. கடைக்குட்டிக்கு 4.

நாங்கள் திண்டுக்கல்லிலேயே குடியிருக்கிறோம். மொட்டை மாடிக்குப் போனால் கோட்டை தெரியும். ஆனாலும் ‘நம்ம ஊர்லதானே இருக்கு, எப்ப வேணா போகலாம்’ என்று உள்ளூர்க்காரர்களுக்கே உரிய அலட்சியம். மூன்று பிள்ளைகளையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு ஏறியது அன்றுதான் முதல் தடவை.

கத்திரி வெயில். இட்லி ஊற்றி, எல்லோரையும் கிளப்பி, அடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. “முட்டி வலிக்கும்மா, நான் கீழயே இருக்கேன்” என்று அத்தை நிழல் பார்த்து உட்கார்ந்துவிட்டார். நூறு படி ஏறுவதற்குள் கடைக்குட்டி “தூக்கு” என்று அழ ஆரம்பித்தாள். அவளைத் தோளில் ஏற்றிய என் கணவர், பத்து படிக்கு ஒருமுறை நின்றார். நடுவன், பீரங்கியைப் பார்க்கும் ஆசையில் மேலே ஓடிக்கொண்டிருந்தான். நான் பெரியவளிடம் சொன்னது ஒரே வார்த்தைதான்: “தம்பியப் பாத்துக்கோ.”

நாங்கள் மேலே போய்ச் சேர்ந்தபோது அவள் மட்டும் நின்றுகொண்டிருந்தாள். தம்பியைக் காணோம். இருபது நிமிடம், கோட்டைச் சுவரெல்லாம் அவன் பெயரைக் கூவினோம். ஒரு பக்கம் பாறைச் சரிவு. எனக்கு உள்ளங்கை எல்லாம் வேர்த்துவிட்டது. கடைசியில் ஓர் இடிந்த சுவரின் நிழலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாட்டிலில் தண்ணீர் தீர்ந்து, தலை சுற்றி, அப்படியே உட்கார்ந்துவிட்டானாம். தண்ணீர் கொடுத்து, முகம் துடைத்து, அவன் எழுந்து நின்றதும் நான் செய்த முதல் காரியம், அத்தனை பேர் பார்க்க மகளைத் திட்டியது. “உன்னத்தானே பாத்துக்கச் சொன்னேன்?”

அதற்கான பதில்தான் காரில் வந்தது.

அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அடுத்து அவளுக்குப் பத்தாவது, அப்புறம் பிளஸ் டூ, அதற்கப்புறம் ஹாஸ்டல். எங்களோடு ஒன்றாகக் கிளம்ப அவளுக்கு மிச்சம் இருப்பது நாலைந்து லீவு. அதையும் அவள் வேண்டாம் என்று சொல்ல நானே காரணமாகிவிடக் கூடாதே!

அத்தை சொன்ன பாடம்

மறுநாள் காய் நறுக்கிக்கொண்டே அத்தையிடம் புலம்பினேன். அத்தைக்கு 66 வயது. நத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து இந்த வீட்டுக்கு வந்தவர்.

“நாங்க பழனிக்கு நடந்து போனப்ப, உன் வீட்டுக்காரன் இடுப்புல இருந்தான். அவன் அக்காளுக்குப் பத்து வயசு. எங்க மாமனாருக்கு அறுபதுக்கு மேல. அத்தன பேரும் நடந்துதானே போய்ச் சேர்ந்தோம்? ஒருத்தரும் தொலையலையே!” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. தை மாதம் பிறந்தால் எங்கள் ஊர் சாலையில் பச்சையும் காவியும் கட்டிக்கொண்டு பாதயாத்திரைக் கூட்டம் பழனியை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். செட்டிநாட்டிலிருந்து நகரத்தார் காவடியும் நத்தம், திண்டுக்கல் வழியாகத்தான் வரும். கைக்குழந்தைக்காரி, பள்ளிக்கூடப் பையன், தாத்தா எல்லோரும் ஒரே கூட்டத்தில் இருப்பார்கள். வெவ்வேறு வயதுக்காரர்களை நடக்க வைத்து, வழிகாட்டி, பத்திரமாகக் கொண்டு சேர்க்கும் வித்தை நம் ஊரில் காலம் காலமாக இருக்கிறது. நான்தான் கவனிக்கவில்லை.

அத்தை சொன்னதை நான்கு விதிகளாக எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன்.

ஒன்று: வெயிலுக்கு முன்னால் நட, வெயில் தாழ்ந்த பின் நட. பாதயாத்திரைக்காரர்கள் விடியலில் கிளம்பிவிடுவார்கள். உச்சி வெயிலில் மண்டபத்திலோ மரத்தடியிலோ படுத்துவிடுவார்கள். 

இரண்டு: சுமை வண்டியில், ஆள் நடையில். பாத்திரம், துணி, அரிசி எல்லாம் வண்டியில் முன்னால் போய்விடும். கால் வலித்தவர்களுக்கும் அந்த வண்டிதான். அதில் ஏறுவது யாருக்கும் அவமானமில்லை.

மூன்று: முன்னால் வழி தெரிந்த குருசாமி, கடைசியில் ஒரு பொறுப்பான ஆள். நடுவில் யார் எந்த வேகத்தில் நடந்தாலும் இந்த இருவருக்கும் இடையில்தான் இருக்க வேண்டும்.

நான்கு: சேரும் இடம் கிளம்பும் முன்பே எல்லோருக்கும் தெரியும். “இன்ன சத்திரத்துல சாப்பாடு, இன்ன மண்டபத்துல படுக்கை. கூட்டத்துல பிரிஞ்சாலும் அங்க வந்து சேர்ந்துடணும்.” செல்போன் இல்லாத காலத்து ஏற்பாடு!

மலைக்கோட்டையில் நாங்கள் நான்கையும் மீறியிருந்தோம். எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, ஆறு பேருக்கும் ஒரே வேகம் என்று நினைத்தது. சின்னவள் வேகத்தில் போனால் பெரியவளுக்கு அலுப்பு. பெரியவள் வேகத்தில் போனால் சின்னவளுக்கு அழுகை. இரண்டுக்கும் நடுவில் போனால் யாருக்கும் திருப்தியில்லை. போகிற வழியும் வேகமும் வேறாக இருக்கட்டும், போய்ச் சேரும் இடமும் சாப்பாடும் ஒன்றாக இருக்கட்டும். குடும்ப டூருக்கு இதுதான் சூத்திரம் என்று அன்று புரிந்தது.

எந்த வயசுக்கு என்ன?

திட்டம் போடும் முன், உங்கள் வீட்டில் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். வயதை மட்டும் எழுதினால் போதாது. எவ்வளவு நேரம் நடப்பார்கள், எப்போது பசிக்கும், எதற்குப் பயப்படுவார்கள் என்பதையும் எழுதுங்கள்.

3 முதல் 5 வயது: இவர்களுக்குத் தூரம் என்ற ஒன்றே கிடையாது. எறும்புப் புற்று, கூழாங்கல், ஆட்டுக்குட்டி... இவைதான் டூர். அரை மணி நேர நடை, அரை மணி நேர விளையாட்டு என்று வைத்துக்கொண்டால் நன்றாக இருப்பார்கள். மதியத் தூக்கத்தில் கை வைக்காதீர்கள். அதைக் கெடுத்தால் சாயங்காலம் எல்லோருக்கும் டூர் கெடும்.

6 முதல் 9 வயது: ஓட்டமாக ஓடி, சட்டென்று சோர்ந்துவிடும் வயது. ‘தாகமா இருக்கு’ என்று சொல்லத் தெரிந்தாலும், ஆர்வத்தில் சொல்ல மாட்டார்கள். அதனால், கேட்காமலே தண்ணீர் கொடுக்க வேண்டும். எண்ணும் வேலை கொடுங்கள். படியை எண்ணு, வளைவை எண்ணு என்றால் முன்னால் ஓடாமல் கூடவே வருவார்கள்.

10 முதல் 13 வயது: கையால் செய்கிற எதுவும் பிடிக்கும். சைக்கிள், பூட்டு செய்யும் பட்டறை, வரைபடம் பார்த்து வழி சொல்வது.

14-க்கு மேல்: சவால் வேண்டும், தனிமையும் கொஞ்சம் வேண்டும். ஒரு நாளில் ஒரு மணி நேரமாவது தம்பி, தங்கை பொறுப்பில்லாத நேரம் கொடுங்கள். வெளிநாடுகளில், குடும்பங்களைக் குழுவாக நடைபயணம், சைக்கிள் பயணம் அழைத்துப்போகும் நிறுவனங்கள், பிள்ளைகளின் வயதைப் பார்த்துத்தான் குடும்பங்களைச் சேர்க்கின்றன. குட்டிப் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் தனி, டீன் ஏஜ் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் தனி. தன் வயதில் இன்னொருவர் இருந்தால்தான் அந்த வயதுப் பிள்ளைக்கு டூர் இனிக்கும். நமக்கு அந்த நிறுவனம் வேண்டாம், சித்தி மகளையோ அத்தை மகனையோ சேர்த்துக்கொண்டால் போதும்.

பெரியவர்கள்: “நான் கீழயே இருக்கேன்” என்று அவர்கள் சொன்னால், அது நம் திட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை என்பதைத்தான் நாசூக்காகச் சொல்கிறார்கள்.

வழிகாட்டி யாருக்கு வேண்டும்?

ஊருக்குள் சுற்ற வழிகாட்டி தேவையில்லை. காட்டுக்குள் கால் வைக்கிறீர்கள் என்றால் கட்டாயம் வேண்டும். இதில் சமரசமே கூடாது.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில், மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அந்த வருஷமே மலையேற்றத்துக்கென அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது. பிறகு 2024 அக்டோபரில் வனத்துறை ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். ஆன்லைனில் பதிவு செய்தால், பயிற்சி பெற்ற உள்ளூர், பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டிகளாகக் கூட வருவார்கள். எங்கள் மாவட்டத்தின் கொடைக்கானல் மலையிலும் பாதைகள் உண்டு.

குடும்பமாகப் போகிறவர்கள் இரண்டைக் கவனியுங்கள். ஒவ்வொரு பாதைக்கும் உள்ள வயது நிபந்தனையைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். அடுத்தது, காட்டுத்தீ அபாயம் உள்ள கோடையின் தொடக்கத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள். பரீட்சை முடிந்ததும் கிளம்பலாம் என்று நினைப்பவர்கள், திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு லீவு போடுங்கள்.

‘இறக்கம்தானே, பிள்ளைங்க இறங்கிடுவாங்க’ என்று கடினமான பாதையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி போகும் வழி அப்படித்தான். தலைமுறை தலைமுறையாக மக்கள் நடந்தே போய்வந்த ஊர். இறங்கும்போது உற்சாகமாக இருக்கும். அதே மலையில் திரும்ப ஏற வேண்டும் என்பது பாதி வழியில்தான் உறைக்கும். முழங்காலுக்கும் இறக்கம்தான் அதிக வேலை வைக்கும். அது பெரிய பிள்ளையும் அப்பாவும் மட்டும் போகிற நாளுக்கானது.

வழிகாட்டியிடமோ டூர் ஏற்பாடு செய்கிறவரிடமோ நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் ஐந்து.

மொத்தம் எவ்வளவு நேரம், சின்னப் பிள்ளை நடையில் எவ்வளவு நேரம்?
பாதி வழியில் ஒருவர் முடியாது என்றால் திரும்ப வழி உண்டா, யார் கூட வருவார்கள்?
செல்போன் சிக்னல் எங்கே வரை கிடைக்கும்?
தண்ணீரும் கழிப்பறையும் எங்கே?
மழை வந்தால் என்ன செய்வீர்கள், பணம் திரும்ப உண்டா?

இதற்கெல்லாம் “அதெல்லாம் பாத்துக்கலாம் மேடம்” என்று ஒரே பதில் வந்தால் வேறு ஆள் பாருங்கள். நான் விசாரித்த ஒருவர், பிள்ளைகளின் வயதைக் கேட்காமலே பாக்கேஜ் விலையைச் சொல்லிவிட்டார். அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

டிசம்பரில் போட்ட மூன்று நாள் திட்டம்

மே மாதத்துச் சூடு இரண்டு அர்த்தத்திலும் ஆறியபின், அரையாண்டு விடுமுறைக்கு மறுபடி கிளம்பினோம். தூரமாக எங்கேயும் இல்லை, எங்கள் மாவட்டத்துக்குள்ளேயே மூன்று நாள். இந்த முறை திட்டம் போட்டது மகள். “வர்றியா?” என்று நான் கேட்கவில்லை. “எங்க போலாம்னு நீ சொல்லு” என்று தாளையும் பேனாவையும் கொடுத்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வாங்கினாள். ஆனால் வாங்கினாள். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: “தம்பியப் பாத்துக்கோன்னு மூணு நாளும் சொல்லக் கூடாது.” ஒப்புக்கொண்டேன்.

முதல் நாள்: விட்ட இடத்திலிருந்து

மறுபடி மலைக்கோட்டை. காலையில் திறந்ததும் முதல் ஆளாக ஏறினோம். இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள இடம் என்பதால், 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு டிக்கெட் கிடையாது. இந்த முறை எங்களுக்கு வழிகாட்டி பெரியவள்தான். ஒரு வாரம் படித்து வைத்திருந்தாள். 1605-ல் மதுரை நாயக்கர் முத்துக் கிருஷ்ணப்பர் காலத்தில் கோட்டை எழும்பியது, திருமலை நாயக்கர் அதைப் பலப்படுத்தியது, 1755-ல் ஹைதர் அலி இங்கே வந்தது, பிறகு திப்பு, 1790-ல் ஆங்கிலேயர் கைப்பற்றியது என்று ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு கதை. கணவரை இழந்து சிவகங்கையை விட்டு வந்த வேலு நாச்சியார், விருப்பாச்சியில் தங்கி, ஹைதர் அலியின் உதவியோடு படை திரட்டி, 1780-ல் நாட்டை மீட்ட கதையை அவள் சொன்னபோது, நடுவன் ஓடவே இல்லை. அக்கா பக்கத்திலேயே நின்றான்.

அத்தையும் கடைக்குட்டியும் முதல் ஐம்பது படி மட்டும் ஏறி, அங்கே உட்கார்ந்து ஊரைப் பார்த்துவிட்டு இறங்கினார்கள். அதுவே அவர்களுக்கு மலை. 

மாலையில் பூட்டு. ‘திண்டுக்கல் பூட்டு’க்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய்ப் பூட்டு, மணிப் பூட்டு என்று கையால் செய்யும் வகைகள் உண்டு. தெரிந்தவர் மூலம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு ஒரு பட்டறைக்குப் போனோம். ராவித் தேய்த்த சாவி பூட்டுக்குள் போய் ‘டக்’ என்று திறந்ததும், மூன்று பிள்ளைகளும் ஒரே மாதிரி வாயைப் பிளந்தார்கள். மூன்று வயதுக்கும் ஒத்துவரும் இடம் என்று நான் கண்டது அது ஒன்றுதான். வேலை நடக்கும் இடம் என்பதால் சின்னவளைக் கையிலேயே பிடித்திருந்தோம்.

சீரகச் சம்பா பிரியாணியை ராத்திரிக்குத்தான் வைத்துக்கொண்டோம். மதியம் சாப்பிட்டுவிட்டு எந்த வயதுக்காரரையும் நடக்க வைக்க முடியாது!

இரண்டாம் நாள்: சிறுமலையில் கடைசி ஆள்

திண்டுக்கல்லிலிருந்து 25 கிலோமீட்டர். 18 கொண்டை ஊசி வளைவுகள். சின்னப் பிள்ளைகளுக்கு வாந்தி வரும். கிளம்பும் முன் எண்ணெய்ப் பலகாரமும் பாலும் வேண்டாம். ஜன்னலைத் திறந்து வைத்து, செல்போனை வாங்கி வைத்து, வளைவுகளை எண்ணச் சொன்னால் பாதிக்கு மேல் தப்பிக்கலாம். அப்படியும் கடைக்குட்டி பதினோராவது வளைவில் கொட்டிவிட்டாள். மாற்றுத்துணி பெட்டியின் அடியில் இருக்கக் கூடாது, கைக்கு எட்டும் பையில் இருக்க வேண்டும் என்பது அங்கே கற்ற பாடம்.

ஓரிரவு தங்கினோம். தங்கிய இடத்துக்காரர் மூலம் ஊர்ப் பெரியவர் ஒருவரை வழிகாட்டியாகப் பேசியிருந்தோம். எங்களைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “சின்னப் பாப்பாவுக்கு எத்தன வயசு?” எனக்கு நிம்மதியாகிவிட்டது. காட்டுக்குள் அழைத்துப் போகவில்லை. “காட்டு மாடு நடமாட்டம் இருக்கு, பாரஸ்ட்டுல கேக்காம உள்ள போகக் கூடாது” என்றவர், தோட்டங்களுக்கு நடுவே போகும் பாதையில் கூட்டிப்போனார். மரத்தில் ஏறிய மிளகுக் கொடி, காபிச் செடி, பலா, புவிசார் குறியீடு பெற்ற சிறுமலை வாழை என்று பத்தடிக்கு ஒரு முறை நின்றார். பெரியவர்களுக்கு அது பாடம், சின்னவளுக்கு அது ஓய்வு.

நடக்கத் தொடங்கும் முன் அவர் வரிசை பிரித்தார். முதலில் அவர். அவருக்கு அடுத்து, எங்களில் மெதுவாக நடக்கும் இருவர், கடைக்குட்டியும் அத்தையும். அப்புறம் நாங்கள். “நல்லா நடக்கறவங்கள முன்னாடி விட்டா, பின்னாடி வர்றவங்க ஓட வேண்டியிருக்கும்மா. மெதுவா நடக்கறவங்கதான் முன்னாடி போகணும்.” பிறகு மகளைப் பார்த்தார். “பாப்பா, நீதான் நல்லா நடப்ப போலருக்கு. நீ கடைசி ஆள். ஒவ்வொரு திருப்பத்துலயும் தலைய எண்ணி எனக்குச் சொல்லணும். உனக்குப் பின்னாடி யாரும் இருக்கக் கூடாது.”

அத்தை என்னைப் பார்த்துச் சிரித்தார். அதே பாதயாத்திரை விதி!

“ஆறு!” என்று ஒவ்வொரு திருப்பத்திலும் மகளின் குரல் பின்னாலிருந்து வந்தது. பிள்ளையைப் பார்த்துக்கொள்வதும் அதேதான், கடைசி ஆளாக வருவதும் அதேதான். ஆனால் முதலாவது நம் வேலையை அவள் தலையில் கட்டுவது. இரண்டாவது, ‘உன்னை நம்புகிறோம்’ என்று ஒரு பதவி கொடுப்பது. பெரிய பிள்ளைக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். நமக்குத்தான் தெரிவதில்லை.

மூன்றாம் நாள்: பழனியில் இரண்டு வழி

என் சூத்திரத்துக்குப் பழனியைவிட நல்ல உதாரணம் இல்லை. 693 படிகள், சரிவாக ஏறும் யானைப்பாதை, விஞ்ச், ரோப்கார். எந்த வயதுக்கும் ஒரு வழி இருக்கிறது, எல்லா வழியும் ஒரே இடத்துக்குத்தான் போகிறது. மகளும் மகனும் அப்பாவோடு படி. நான், அத்தை, சின்னவள் விஞ்ச். ரோப்காரை நம்பித் திட்டம் போடாதீர்கள். காற்று பலமாக அடித்தாலும், பராமரிப்புப் பணி என்றாலும் நிறுத்திவிடுவார்கள்.

ஒரு முக்கியமான விஷயம். 2023 அக்டோபர் முதல் மலைக்கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதியில்லை. கீழேயே கொடுத்துவிட வேண்டும். அதனால், ‘மேல போய் போன் பண்றேன்’ என்பது இங்கே நடக்காது. ‘விஞ்ச் மேலே வந்து நிற்கும் இடத்தில் சந்திப்பு, யார் முதலில் வந்தாலும் அங்கேயே நிற்க வேண்டும்’ என்று அத்தையின் நான்காவது விதிப்படி பேசிவைத்தோம். மகள் கையில் கைக்கடிகாரம்.

எங்கள் கணக்கில் ஓர் ஓட்டை இருந்தது. டிசம்பர், ஐயப்ப பக்தர்கள் வரும் நேரம். விஞ்ச் வரிசை அனுமார் வால் மாதிரி நீண்டிருந்தது. நாங்கள் மேலே போய்ச் சேர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. படியேறியவர்கள் எப்போதோ வந்துவிட்டார்கள். விஞ்ச்சை விட்டு இறங்கும்போது எனக்குள் மே மாதத்துப் பயம் எட்டிப் பார்த்தது. ஆனால், பேசிவைத்த இடத்தில் மூன்று பேரும் அப்படியே நின்றிருந்தார்கள். நடுவன், அக்காவின் கையைப் பிடித்திருந்தான். யாரும் பிடிக்கச் சொல்லவில்லை.

உங்கள் திட்டத்தில் பழனி இருந்தால் தைப்பூசம், பங்குனி உத்திரம், கிருத்திகை, சபரிமலை சீசன் தவிர்த்த வார நாளாகப் பாருங்கள்.

இன்னும் ஒரு நாள் கூடுதலாக இருந்தால், ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கமும் சின்னாளபட்டியும் ஒரே பக்கம். காலையில் நீர்த்தேக்கக் கரையில் பறவை பார்க்கலாம். தண்ணீருக்குள் பிள்ளைகளை இறக்க வேண்டாம். மதியம் சின்னாளபட்டியில், துணியில் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்க்கும் சுங்குடி வேலையைப் பார்க்கலாம். பக்கத்திலேயே, 1947-ல் தொடங்கிய காந்திகிராமம் இருக்கிறது. கொடைக்கானல் போகிறீர்கள் என்றால் வண்டிக்கு இ-பாஸ் எடுக்க மறக்காதீர்கள். 2024 மே மாதத்திலிருந்து கட்டாயம். ஏரியைச் சுற்றி சுமார் 5 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டலாம், எல்லா வயதுக்கும் ஏற்ற பாதை. பிளாஸ்டிக் பாட்டில்களுக்குத் தடை என்பதால், வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள்.

கிளம்பும் முன் சரிபார்க்க...

* ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில். அம்மா பையில் ஒரே பெரிய பாட்டில் என்பது வேண்டாம். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு.
* எல்லாப் பிள்ளைகளின் சட்டைப் பையிலும் பெற்றோர் இருவரின் எண் எழுதிய சீட்டு.
* கழுத்தில் தொங்கும் விசில். ‘தனியாகிவிட்டால் நடக்காதே, நின்று ஊது’ என்று வீட்டிலேயே பழக்குங்கள்.
* புதுச் செருப்பு, புது ஷூ வேண்டாம். ஒரு வாரமாவது போட்டுப் பழகியதாக இருக்கட்டும்.
* கோட்டையிலும் மலையிலும் குரங்கு உண்டு. தின்பண்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கக் கூடாது, பைக்குள் இருக்க வேண்டும்.
* மழை பெய்திருந்தால் பாறைப் படிகள் வழுக்கும். அன்று பட்டறையும் நெசவும் பார்க்கிற நாளாக மாற்றிக்கொள்ளுங்கள்.
* ஒரு நாளுக்கு ஒரு பெரிய இடம் போதும். மீதி நேரம் காலியாகவே இருக்கட்டும். பிள்ளைகள் அதை நிரப்பிக்கொள்வார்கள்.
* வாகனம், தங்குமிடம், சாப்பாடு என்று செலவை எழுதும்போது, வழிகாட்டிக்கான கூலியையும் முதலிலேயே எழுதுங்கள். பேரம் பேசிக் குறைக்கிற இடம் அதுவல்ல.

பழனியிலிருந்து திரும்பும்போது இருட்டிவிட்டது. சின்னவள் அத்தை மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். நடுவன், 693 படியையும் எண்ணியதாகவும் தனக்கு 689-தான் வந்ததாகவும் சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.

பெரியவள் பின்சீட்டில் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சும்மா இருந்தாள். ஒட்டன்சத்திரம் தாண்டியதும் கேட்டாள்.

“அம்மா, தைப்பூசத்துக்கு நடந்து போறவங்க எல்லாம் எத்தன மணிக்குக் கிளம்புவாங்க?”

அத்தை தூக்கக் கலக்கத்திலேயே பதில் சொன்னார். “விடியக் காலம் மூணு மணிக்கு எந்திரிக்கணும். முடியுமா உன்னால?”

“முடியும். ஆனா நான்தான் கடைசி ஆள்” என்றாள்.